அம்மாவின் கிளினிக் கொப்பியும் வைத்தியரின் டப்லெட்டும்

கடந்த மாதம் அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றபோது, இளம் வைத்தியர் ஒருவர் தமது கையிலிருந்த டப்லெட் கணினியை அம்மாவின் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். இரண்டு ஆண்டுகளாக எடுத்த இரத்தப் பரிசோதனைகளின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவுகள் ஒரே கோடாகத் திரையில் ஏறிச் சென்றன. சீனி வருத்தத்துக்குப் பதினெட்டு ஆண்டுகளாக மருந்தெடுக்கும் அம்மா, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தக் கோட்டில் விரலை வைத்தார். விரல் பட்டதும் படம் நகர்ந்துவிட, வைத்தியர் பொறுமையாக அதை மீண்டும் கொண்டுவந்தார். "இது பொங்கலுக்குப் பிறகுதான் தம்பி கூடியிருக்குது. அப்பதான் முழங்கால் நோவுக்குக் கடையில குளிசை வாங்கிப் போடத் தொடங்கினனான்" என்றார் அம்மா. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய அந்த வலி மாத்திரையைப் பற்றி எங்கள் வீட்டில் எவருக்கும் அதுவரை தெரியாது.

வைத்தியசாலைகளுக்கு டப்லெட் வருவதை நான் மனமார வரவேற்பது இதனால்தான். மேசைக் கணினி வைத்தியரின் முகத்தை மறைக்கிறது; கையில் ஏந்தும் திரையைக் கட்டிலருகே கொண்டுசெல்லலாம், நோயாளரிடம் திருப்பிக் காட்டலாம். திருப்பிக் காட்டாவிட்டால், அதுவும் இன்னொரு மேசைக் கணினியாகவே இருக்கும்.

தாளின் குறைகளை நாங்கள் அனுபவித்தே அறிந்திருக்கிறோம். அம்மாவுக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருக்கிறது. முதலாவது கிளினிக் கொப்பியின் அட்டையில் சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்த அந்தக் குறிப்பு, பக்கங்கள் முடிந்து புதுக் கொப்பி தொடங்கியபோது அதற்கு ஏறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு வைத்தியசாலையில் பென்சிலின் வகையைச் சேர்ந்த அமொக்சிசிலின் எழுதிக் கொடுத்தார்கள்; மருந்துக்கடையில் தங்கை கேட்டதால்தான் அது தடுக்கப்பட்டது. ஒருமுறை பதிந்துவிட்டால், மருந்து எழுதும் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கக்கூடிய கணினியின் பெறுமதி எங்களுக்கு நன்றாகப் புரியும்.

ஆனாலும் கொப்பியை நோயாளரின் கையிலிருந்து எடுத்துவிடக்கூடாது. 1995 ஒக்ரோபரில் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்களின் பைகளில் பிறப்புச் சான்றிதழோடும் காணி உறுதியோடும் மருந்துத் துண்டுகளும் இருந்தன. வைத்தியசாலைப் பதிவேடு கிடைக்காத இடத்தில், நோயாளர் சுமந்து வந்த தாளே அவருடைய வைத்திய வரலாறாக இருந்தது. 2022இல் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதையும் கண்டோம். மின்பிறப்பாக்கி உள்ள பெரிய வைத்தியசாலை சமாளித்துக்கொள்ளும். தீவகத்துச் சிறிய வைத்தியசாலையின் நிலைமை அப்படியானதல்ல.

பெயர்ச் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. சிவபாக்கியம் என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒற்றை மெய்யோடும் இன்னொருவர் இரட்டை மெய்யோடும் எழுதுவார். திருமணத்துக்கு முன் தந்தையின் முதலெழுத்து, பின்னர் கணவரின் பெயர். பெயரைக் கொண்டு தேடினால் ஒரே மனுசி மூன்று நோயாளராகத் திரையில் வருவார், ஒவ்வாமைக் குறிப்போ அவர்களுள் ஒருவரிடம் மட்டுமே இருக்கும். தனிநபர் சுகாதார இலக்கம் என்ற ஒழுங்கு நாட்டில் உள்ளது. அந்த இலக்கத்தைக் கொண்டே ஒவ்வொரு பதிவையும் திறக்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்றியல் முதல் பிரசவ வைத்தியம் வரை தமிழில் நூல்களாக்கினார். அந்த மண்ணில், இன்று நோயாளருக்குக் காட்டும் திரை ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது எனக்குப் பெரும் மனவருத்தத்தைத் தருகிறது. வைத்தியர்கள் தமக்குள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளட்டும். மருந்தின் பெயர், எத்தனை வேளை, எதைத் தவிர்ப்பது என்பவற்றையாவது தமிழில் ஒரு பக்கமாக அச்சிட்டுக் கொப்பியில் ஒட்டிக் கொடுக்கலாம்; சிங்களம் பேசும் நோயாளருக்குச் சிங்களத்தில் கொடுக்கலாம். உடல்நலத் தகவல்களைத் தனிக் கவனத்துக்குரியவையாக வகைப்படுத்தும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், நோயாளர் விடுதியில் திறந்தபடியே கிடக்கும் டப்லெட்டையும் அலட்சியமாக விடமுடியாது.

அன்று வலி மாத்திரையை நிறுத்தும்படி கூறிய வைத்தியர், அதை டப்லெட்டில் பதிந்தார். "தம்பி, இதிலயும் ஒருக்கா எழுதிவிடுங்கோ" என்று அம்மா கொப்பியை நீட்டினார். வைத்தியர் குளிசையின் பெயரைத் தமிழில் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு இழுத்துக் கொடுத்தார். அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.