செம்பு உறையும் வெப்பநிலையும் பைரோமீட்டர் பார்ப்பதும் ஒன்றல்ல

உறையும் செம்பை வைத்துப் பைரோமீட்டரை (சூடான பொருளின் கதிரைக் கொண்டு வெப்பநிலையை அளக்கும் கருவி) தரப்படுத்துவது பற்றி, "தூய செம்பு உறையும்போது 1084.62 டிகிரியிலேயே நிற்கும், பைரோமீட்டர் பார்ப்பதும் அதேதான், வெப்ப இழப்புக் கணக்கெல்லாம் வீண் வேலை" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் சார். முதல் பாதி சரி. மற்றது தவறு.

பைரோமீட்டர் செம்பைப் பார்ப்பதே இல்லை. செம்புக்குள் அமிழ்ந்திருக்கும் கிராஃபைட் குழியின் அடிச்சுவரைத்தான் பார்க்கிறது. அந்தச் சுவர் குழியின் வாய் வழியாக வெப்பத்தைக் கதிராக இழந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்டச் செம்பிலிருந்து சுவர் வழியாக வெப்பம் வர வேண்டும். வெப்பநிலை வித்தியாசம் இல்லாமல் வராது. ஆக, உள்முகம் எப்போதும் கொஞ்சம் குறைவுதான். 3 மி.மீ. வாய், 33 மி.மீ. ஆழம், 2 மி.மீ. சுவர் என்று போட்டுப் பாருங்கள்: சதுர மீட்டருக்குச் சுமார் 400 வாட் இழப்பு, டிகிரியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு குறைவு. சின்னதுதான். ஆனால் இழப்பு, கெல்வினில் சொன்ன வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். ரீனியம்-கார்பன் கலவை உருகும் புள்ளியில், அதாவது 2474 டிகிரியில், கிட்டத்தட்ட 17 மடங்கு!

நம்ம கடலூர் சிப்காட் உலைகளுக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை, அது உண்மை. ஆனால் மூலத் தரத்தை, அதாவது மற்றக் கருவிகளைச் சரிபார்க்கும் அடிப்படை அளவை, வைத்திருக்கும் ஆய்வகம் இதை விட்டுவிட்டால், அங்கிருந்து இறங்கி வரும் ஒவ்வொரு சான்றிதழிலும் பிழை ஒட்டிக்கொண்டே வரும். கணக்கின் மேல் சந்தேகம் என்றால், வாயின் அளவை மாற்றி மாற்றி அளந்தே சரிபார்க்கலாம்.