பட்டா ஒரு வீட்டில், பத்தாயம் வேறு வீட்டில்

கூட்டாட்சி பற்றி வாக்குவாதம் கிளம்பினால் எல்லோரும் முதலில் அதிகாரப் பட்டியலைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். ராணுவமும் நாணயமும் மத்திய அரசுக்கு, காவல்துறை மாநிலத்துக்கு என்று. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், பட்டியலில் இல்லாத எஞ்சிய அதிகாரம் யாருக்கு என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 1791-இல் வந்த பத்தாவது திருத்தம் அதை மாநிலங்களிடமும் மக்களிடமும் விட்டது. கனடாவிலும் இந்தியாவிலும் அது மத்திய அரசின் கையில். நல்ல கேள்விதான். ஆனால் பட்டா யார் பெயரில் என்பதைவிட, பத்தாயத்தின் சாவி யார் இடுப்பில் என்றே நான் பார்ப்பேன்.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1901-இல் கூட்டாட்சி உருவானபோது வருமான வரி போடும் உரிமை இரு தரப்புக்கும் இருந்தது. 1942-இல் போர்ச் செலவைக் காட்டி மத்திய அரசு நான்கு சட்டங்கள் கொண்டுவந்தது. மாநிலங்கள் வரி போடக் கூடாது என்று அவற்றில் எங்கும் இல்லை. மாநிலமும் தனியாகப் போட்டால் மக்கள் தாங்கமாட்டார்கள் என்ற அளவுக்கு மத்திய வரியை ஏற்றினார்கள். வருமான வரியைக் கைவிடும் மாநிலத்துக்கு மானியம் என்றார்கள். மத்திய வரியைக் கட்டிய பிறகே மாநில வரி என்றார்கள். மீதமிருந்த சட்டத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது: மாநில வரி அலுவலகங்களின் ஊழியர்கள், ஆவணங்கள், மேசை நாற்காலி வரை எடுத்துக்கொள்ள அது வழிசெய்தது! நான்கு மாநிலங்கள் வழக்குப் போட்டுத் தோற்றன. போர் முடிந்தும் வரி திரும்பவில்லை. இன்றும் அங்கே எந்த மாநிலமும் வருமான வரி வசூலிப்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தில் அந்த உரிமை மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கைவேலை நடந்தது. மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு கிடையாது என்று 1984-இல் சட்டம் போட்டார்கள். தெற்கு டகோட்டா வழக்காடியது. இது கட்டாயம் ஆகாது என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் இருக்கிறதாம்!

மத்திய அரசு வசூலித்துப் பகிர்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. வளம் குறைந்த பகுதிகளுக்கு அதுதான் கை கொடுக்கிறது. கிடைப்பது உரிமைக் கணக்கிலா, தயவுக் கணக்கிலா என்பதே என் சண்டை.

இந்த விஷயத்தில் சுவிட்சர்லாந்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. மத்திய அரசு நேரடி வரி வசூலிக்கும் அதிகாரத்துக்கே அங்கே காலக்கெடு உண்டு. 2018-இல் வாக்கெடுப்பு நடத்தி 2035 வரை நீட்டிப்பு வாங்கினார்கள். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால், மக்களிடமும் மாநிலங்களிடமும் மறுபடி வந்து கேட்க வேண்டும்.