கரையேறாதவருக்கு எதற்கு அந்தப் பெட்டி?

ஐம்பது பொருள், எண்பது பொருள் என்று எண்ணிக்கை போட்டு விற்கிற 'சர்வைவல் கிற்' பெட்டிகளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. திறந்தால் உள்ளே என்ன? நாலு தூண்டில் முள், ஒரு கம்பி வாள், சரசரக்கும் வெள்ளித்தாள் போர்வை, தீ மூட்டும் மக்னீசியக் கட்டி, பொத்தான் அளவில் ஒரு திசைகாட்டி, நைலோன் கயிற்றில் பின்னிய கைவளையம். வட ஒன்ராறியோவில் தெருவே போகாத ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் கனூ வள்ளம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதை வாங்கிப் பையின் அடியில் போட்டுவிட்டு, "எல்லாம் இருக்கு" என்று தண்ணீரில் இறங்கிவிடுகிறார்கள். லைஃப் ஜக்கெற் எங்கே என்று பார்த்தால், முழங்காலுக்கு மெத்தையாகக் கீழே கிடக்கிறது!

அங்கே ஆட்களைக் கொல்வது பசி இல்லை, குளிர்ந்த தண்ணீர். மே மாதத்தில் ஏரியின் பனிக்கட்டி உருகி இரண்டு மூன்று கிழமைதான் ஆகியிருக்கும். கரையில் வெயில் 20 பாகை அடிக்கும், தண்ணீர் 10 பாகைக்கும் கீழே நிற்கும். சுப்பீரியர் ஏரியின் நடுவில் ஜூனிலும் 4 பாகையைச் சுற்றித்தான். வெயிலைப் பார்த்து உடுத்துகிறார்கள், விழுவதோ தண்ணீருக்குள்.

மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீர் ஆபத்தை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிறெக்ற் சொல்லித் தந்த 1-10-1 கணக்கை வள்ளம் வாடகைக்கு விடுகிற ஒவ்வொரு இடத்திலும் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் பேச்சைக் கேட்காது. விழுந்த கணத்தில் தானாகவே ஒரு பெரிய மூச்சு உள்ளே இழுக்கும். அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர்தான். அடுத்த 10 நிமிடம்தான் கையும் காலும் உருப்படியாக வேலை செய்யும். அதற்குப் பிறகு விரல் மடங்காது, நீந்த முடியாது. உடல் உள்ளுக்குள் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் யாருக்குக் கிடைக்கும்? லைஃப் ஜக்கெற் போட்டிருப்பவருக்கு மட்டும்தான். மற்றவர் நீந்த முடியாமல் போகும்போதே மூழ்கிவிடுவார். "தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம்" என்கிறவர்களே, அலைக்குள், மூச்சு இரைக்க, மரத்த விரலால் மூன்று கொளுக்கியை எப்படி மாட்டுவீர்கள்?

சட்டமும் இதற்கு இடம் கொடுத்து வைத்திருக்கிறது. வள்ளத்தில் லைஃப் ஜக்கெற் ஆளுக்கொன்று, அளவானதாக இருக்க வேண்டும் என்பதுதான் கனேடிய விதியின் அடிப்படை. இருந்தால் போதும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். காற்று நிரம்பும் வகையை இடுப்பில் பட்டியாகக் கட்டிக்கொண்டு பாறைகளில் மோதிப் பாயும் ஆற்றில் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், 36.3 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும், நுரைத்து ஓடும் ஆற்றுக்கும் அது அங்கீகரிக்கப்படவே இல்லை. விலைச்சீட்டைப் படிக்கிற கண் அந்த எச்சரிக்கையைப் படிக்காதா? ஃபோம் வைத்த சாதாரண ஜக்கெற் வாங்குங்கள். எல்லாப் பட்டியையும் இறுக்கிவிட்டு, தோள்பட்டியைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கிப் பார்க்கட்டும். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. பிள்ளைகளுக்குக் கால்களுக்கு நடுவே போகும் பட்டி கட்டாயம் வேண்டும். அதன்மேல் உட்காராதீர்கள், ஃபோம் நசுங்கினால் மிதக்கும் சக்தி குறையும்.

ஜக்கெற் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 1978 ஜூன் 11 அன்று ஒன்ராறியோ, கியூபெக் எல்லையில் உள்ள ரிமிஸ்கமிங் ஏரியில் சென். ஜோன்ஸ் பாடசாலையைச் சேர்ந்த 31 பேர் நான்கு கனூக்களில் போனார்கள். ஒன்று கவிழ, உதவிக்குப் போனதும் கவிழ்ந்தது. 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். அவர்கள் லைஃப் ஜக்கெற் போட்டிருந்தார்கள். ஜக்கெற் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கும், உடம்பைச் சூடாக வைத்திருக்காது. இத்தனை வருடம் கழித்தும் ஜூன் மாதத்தில் பருத்தி ரீசேட்டும் ஜீன்ஸும் போட்டுப் பிள்ளைகளை ஏரி நடுவுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

தண்ணீர் உள்ளே புகாத முழு உடுப்பான ட்ரைசூற் ஆயிரம் டொலரைத் தாண்டும், எல்லோராலும் முடியாது. சரி. அப்படியென்றால் கையில்லாத 3 மில்லிமீற்றர் வெற்சூற் (நியோப்பிரீன் என்ற றப்பரில் செய்த உடுப்பு) அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும், அதன்மேல் தண்ணீர் புகாத மேற்சட்டை ஒன்று. வெற்சூற் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். தளர்வாக இருந்தால் உள்ளே சூடான தண்ணீர் வெளியேறி ஒவ்வோர் அசைவுக்கும் புதுக் குளிர்நீர் புகும். ட்ரைசூற் வாங்குகிறவர்களும் கவனியுங்கள்: அது நனையாமல் காக்கும், அவ்வளவுதான். சூடு தருவது உள்ளே போடும் கம்பளியும் ஃபிளீஸும். கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள லேற்றெக்ஸ் வளையம் வெயிலிலும் சன்ஸ்கிறீன் எண்ணெயிலும் வெடித்துப்போகும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிப்பை முடிவுவரை இழுத்தீர்களா என்பதை இன்னொருவர் தொட்டுப் பார்க்கட்டும். ஓர் அங்குலம் திறந்திருந்தாலும் சூற் தண்ணீரால் நிரம்பும்.

அடுத்தது அந்தக் கைவளையம். அவிழ்த்தால் மூன்று மீற்றர் கயிறு வரும். நைலோன் தண்ணீரில் அமிழும், நனைந்தால் இழுபடும். ஆற்றில் அடித்துப் போகிற ஒருவருக்கு அதை எப்படி எறிவீர்கள்? வேண்டியது எறிபை: மிதக்கும் பொலிப்புறொப்பலீன் கயிறு, குறைந்தது 15 மீற்றர், 9 மில்லிமீற்றராவது தடிப்பு. மெல்லிய கயிறு மலிவு, ஆனால் குளிரில் விறைத்த கையால் அதைப் பிடிக்க முடியாது, தோலை அறுக்கும். கயிற்றைச் சுருட்டி உள்ளே வைக்காதீர்கள், எறியும்போது சிக்கும். பிடி பிடியாகத் திணியுங்கள். எறிகிறவர் அதன் நுனியைத் தன் உடம்பில் கட்டவே கூடாது. அது வள்ளத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதைப் பைகளோடு சேர்த்து இறுக்கிக் கட்டுகிற புத்திசாலிகளை என்ன சொல்வது!

செய்மதி வழியாக உதவி கேட்கும் கருவி விஷயத்தில் நடப்பது இன்னும் கொடுமை. நானூறு ஐந்நூறு டொலர் கொடுத்து வாங்கி, தண்ணீர் புகாத பையில் போட்டு, மூன்று மடிப்பு மடித்து, வள்ளத்தின் குறுக்குச் சட்டத்தில் கட்டிவிடுகிறார்கள். வள்ளம் ஆற்றோடு போனால் கருவியும் போகும். நீங்கள் கரையில் நனைந்தபடி நிற்பீர்கள். அதன் இடம் ஜக்கெற்றின் பொக்கெற், கயிற்றால் பிணைத்து. அபாயச் சைகை மட்டும் அனுப்பும் பீக்கன் என்றால் 406 மெகாஹேர்ட்ஸில் கொஸ்பாஸ்-சார்சற் என்ற சர்வதேச மீட்புச் செய்மதிகளுக்கு 5 வற் சைகை அனுப்பும், மாதக் கட்டணம் இல்லை, இயக்கினால் 24 மணி நேரமாவது ஓடும். ஆனால் பதிவு செய்ய வேண்டும், பதிவு இலவசம். ஒன்ராறியோவில் அந்தச் சைகை ட்ரென்ரனில் உள்ள மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்துக்குப் போகும். பதிவிருந்தால் உங்கள் வீட்டுக்கு அழைத்து யார், எங்கே, எத்தனை பேர் என்று அறிந்துகொள்வார்கள். அந்த ஐந்து நிமிடப் பதிவைச் செய்யாமல் விடுகிறவர்களை நினைத்தால்தான் ஆத்திரம். செய்தி அனுப்பும் வகை இருவழித் தொடர்புக்கு அருமையானது, ஆனால் சந்தா நின்றுபோனால் அபாயப் பொத்தானும் வேலை செய்யாது. புறப்படும் முதல் நாள் ஒரு சோதனைச் செய்தி அனுப்புங்கள். கைத்தொலைபேசியிலேயே செய்மதி வசதி இருக்கிறதே என்று வாதாடுகிறவர்கள், ஈர விரலால் அதன் திரையை ஒருமுறை தேய்த்துப் பார்க்கட்டும்.

சைகை போன உடனே ஹெலி வந்து இறங்காது. மேகம் தாழ்ந்தால் மறுநாள்தான். அந்த இரவைக் கடக்க வெள்ளித்தாள் போர்வை உதவும் என்பது வெறும் விளம்பரம். காற்றில் கிழியும், உடம்புச் சூட்டைக் கீழே தரையும், சுற்றிலும் காற்றும் இழுத்துக்கொண்டே இருக்கும். தடித்த செம்மஞ்சள் குப்பைப் பை பெரியதாக இரண்டும், இருக்க ஒரு ஃபோம் துண்டும் அதைவிடப் பல மடங்கு மேல். மக்னீசியக் கட்டியைச் சுரண்டத் துடிப்பான இரண்டு கை வேண்டும், அது அப்போது இருக்காது. சாதாரண லைற்றர் இரண்டு, ஒன்று பொக்கெற்றில், ஒன்று பையில். நனைந்தால் ஊதி, சக்கரத்தைக் காய்ந்த துணியில் உருட்டினால் திரும்பப் பற்றும். வாஸ்லின் தடவிய பஞ்சுருண்டை நாலைந்து ஒரு சிறு டப்பாவில். பேர்ச் மரப்பட்டை ஈரத்திலும் எரியும், கீழே விழுந்து கிடப்பதை எடுங்கள்.

பொக்கெற்றில் வேறென்ன? உள்ளே உருண்டை இல்லாத விசில், முனை மழுங்கிய கத்தி, ஒரு திசைகாட்டி. அதற்கு மேல் அடைத்தால் கவிழ்ந்த வள்ளத்தில் வயிறு தேய்த்து ஏற முடியாது. வள்ளத்தில் ஒரு மேலதிகத் துடுப்பும், புகுந்த தண்ணீரை இறைக்கக் குறைந்தது 750 மில்லிலீற்றர் கொள்ளும் அள்ளுகலமும். ஜூஸ் போத்தலை வெட்டினாலே போதும், காசு தேவையில்லை. தண்ணீர் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே வெடித்துப்போகும், வெளியே தெரியாது. குளிர் இரவில் படுக்கைப் பைக்குள் வைத்திருங்கள். மிதவை விமானத்தில் போவதானால் கரடியை விரட்டும் ஸ்பிறே இருப்பதை விமானிக்கு முதலே சொல்லிவிடுங்கள். ஆட்கள் இருக்கும் அறைக்குள் அது வெடித்தால் அவரால் கண் திறக்க முடியாது, விமானத்தின் மிதவைக்குள் வைப்பார்.

இனி வாங்கும் எதையும் இப்படிச் சோதித்துவிட்டு எடுத்துப் போங்கள். வாளியில் தண்ணீரும் ஐஸும் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் கையை உள்ளே வைத்திருங்கள். வெளியே எடுத்ததும் ஜக்கெற்றின் பொக்கெற்றைத் திறந்து, விசிலை எடுத்து, லைற்றரைப் பற்றவைத்து, பீக்கனின் அன்ரெனாவை நிமிர்த்திப் பாருங்கள், பொத்தானை மட்டும் அழுத்த வேண்டாம். எது திறக்கவில்லையோ அதற்கு நீளமான இழுவைக் கயிறு கட்டுங்கள், அல்லது கடையில் திருப்பிக் கொடுங்கள்.