உடல் எடையும் தாய்ப்பாலும்: ஒரு திருத்தம்

உடல் பருமனான தாய்க்குப் பால் சுரக்காது, முதல் நாளே புட்டிப்பால் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு கருத்து இருக்கிறது. மன்னிக்கவும், அது சரியல்ல. பால் பெருகுவது சற்றுத் தாமதமாகலாம், பெரும்பாலும் அவ்வளவுதான்.

வழக்கமாகப் பிரசவமான 2, 3 நாட்களில் பால் பெருகும். எடை கூடுதலான தாய்மார் சிலருக்கு அது 72 மணி நேரத்தைத் தாண்டும். குழந்தை சப்பும்போது, பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் முதல் வாரத்தில் அவர்களுக்குக் குறைவாகச் சுரப்பது ஒரு காரணம். சிசேரியன் அதிகம் நடப்பது இன்னொன்று. அதுவரை சொட்டுச் சொட்டாக வரும் கெட்டியான மஞ்சள் நிறச் சீம்பாலே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். தேவையில்லாமல் புட்டியைக் கொடுத்தால் குழந்தை சப்புவது குறையும், பாலும் குறையும். பிறகு "பார்த்தீர்களா, சொன்னோமே" என்பார்கள்!

சரிபார்ப்பது எளிது. பிறந்து 1 மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்கச் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப் படித்துப் பாருங்கள். அதில் தாயின் எடைக்கு விதிவிலக்கு கிடையாது. வீட்டிலோ, 5ஆம் நாள் முதல் குழந்தை தினமும் குறைந்தது 6 முறை சிறுநீர் கழிக்கிறதா என்று எண்ணுங்கள். குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தாய் ஒல்லியானவராக இருந்தாலும்தான்.