“கேமை விடு” என்று சொன்னது யார்?

சனிக்கிழமை ராத்திரி போர்டு கேம் மேசையில் என்ன நடந்தது என்று நம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தோற்ற என் முகத்தைப் போட்டோ எடுத்துப் போட்டு, அதற்குக் கீழே சிரித்தும் முடித்துவிட்டீர்கள். மூன்று நாள் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். இன்று காலை ஒருவர், “இன்னும் அதையே நினைச்சுட்டு இருக்கியா? வெறும் கேம்தானே” என்று கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என்னோடு கூட்டணி வைத்த நண்பர் ஆட்டத்தில் அதை உடைத்தது எனக்குப் பிரச்சினையே இல்லை. ட்வைலைட் இம்பீரியம் என்ற இந்த விண்வெளிப் போர் போர்டு கேமை ஆடுகிறவனுக்கு அது தெரியாதா? உடனே கைமாறக்கூடிய பேரம் மட்டும்தான் கட்டுப்படுத்தும், “அடுத்த ரவுண்டில் உன்னைத் தாக்கமாட்டேன்” என்பதெல்லாம் கட்டுப்படுத்தாது என்று விதிப்புத்தகமே சொல்கிறது. 1959-இல் வந்த டிப்ளமசி போர்டு கேம் காலத்திலிருந்தே இப்படித்தான். ஆட்டத்துக்குள் பொய் சொல்லலாம். நானும் சொல்லியிருக்கிறேன்.

என் பிரச்சினை வேறு. ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் நட்பை அடகு வைத்து ஆட்டத்துக்குள் பொய் சொல்லக்கூடாது. அவ்வளவுதான். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆட்டத்தில் ஆளுக்கொரு விண்வெளி அணி. என் அணி சோல் கூட்டமைப்பு, நண்பருடையது லெட்னெவ். இரண்டாவது ரவுண்டிலேயே ஒப்பந்தம் போட்டோம். ‘சப்போர்ட் ஃபார் த த்ரோன்’ கார்டை ஆளுக்கொன்று மாற்றிக்கொண்டோம். ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தக் கார்டு கையில் இருக்கும்வரை 1 பாயிண்ட். கொடுத்தவருடைய படை இருக்கும் இடத்தில் கை வைத்தால் கார்டு திரும்பிப் போய்விடும், பாயிண்ட்டும் போய்விடும். துரோகத்துக்கு ஆட்டமே ஒரு விலை வைத்திருக்கிறது. எவ்வளவு அழகான விதி அது!

ஐந்தாவது ரவுண்டில் எனக்கு 8 பாயிண்ட். ஒரு பொது இலக்கு, ஒரு ரகசிய இலக்கு முடித்தால் 10, ஆட்டம் முடிந்தது. அதற்கு என் மொத்தக் கப்பற்படையும் நடுவில் இருக்கும் மெக்கட்டால் ரெக்ஸுக்குப் போகவேண்டும். தாய்க்கிரகமான ஜோர்டில் இரண்டே இரண்டு காலாட்படைதான் மிஞ்சும். தாய்க்கிரகம் கையை விட்டுப் போனால் பொது இலக்கைக் கணக்கில் எடுக்க முடியாது. யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கப்பல்களை எடுப்பதும் திரும்ப அதே இடத்தில் வைப்பதுமாக இருந்தேன். மற்ற நான்கு பேரும் காலை நீட்டிக்கொள்ள வெளியே போயிருந்த நேரம். அப்போதுதான் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, தோளில் கை வைத்துச் சொன்னார்: “டேய், கேமை விடு. பதினாலு வருஷப் பழக்கம்டா. நான் உன் வீட்டுப் பக்கம் வருவேனா?”

கேமை விடு. இதைச் சொன்னது அவர். நான் இல்லை.

கப்பல்களை நகர்த்தினேன். அடுத்த முறை அவர் கைக்கு ஆட்டம் வந்தபோது இரண்டு டிரெட்நாட் போர்க்கப்பல், படை ஏற்றிவரும் ஒரு கேரியர், நேராக ஜோர்ட். என் கார்டை எடுத்துத் திருப்பி நீட்டினார். வாங்கிக்கொண்டேன். 9 பாயிண்ட்டில் நின்றேன். அடுத்த ரவுண்டில் ஜெயித்தது மூன்றாவது ஆள்.

“நீ ஜெயிக்கப் போனாய், அவன் தடுத்தான், அது சரியான ஆட்டம்தானே?” சரிதான். தடுக்கவேண்டியதுதான். அந்த 1 பாயிண்ட்டை இழந்து அதற்கான விலையையும் கொடுத்துவிட்டார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினாலு வருஷத்துக்கு எந்தக் கார்டு திரும்பி வந்தது?

“ஆர்பிட்டல் டிராப் இருந்ததே, ஏன் போடவில்லை?” என்று என் அணியின் தனித்திறனைப் பற்றி ஒரு நிபுணர் கேட்டிருக்கிறார். வியூக டோக்கன் ஒன்றைச் செலவழித்தால் ஜோர்டில் இன்னும் இரண்டு காலாட்படை இறக்கியிருக்கலாம் என்பது உண்மைதான். கடைசி டோக்கனை டெக்னாலஜிக்குப் போட்டேன். ஏன் போட்டேன்? வரமாட்டேன் என்று சொன்ன ஆளை நம்பினேன். நம்பியதுதான் என் தப்பு என்றால், அதை நேராகவே சொல்லுங்கள்.

இன்னொருவர் ஈவ் ஆன்லைன் என்ற இணைய விண்வெளி விளையாட்டின் கதையைக் கொண்டுவந்தார். 2009-இல் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் கூட்டணியை அதன் நிர்வாகிகளில் ஒருவரே எதிரிப் பக்கம் சாய்ந்து கலைத்துவிட்டார், அதையெல்லாம் கொண்டாடுகிறார்களே என்று. நானும் அந்தக் கதையை ரசித்தவன்தான். ஆனால் அங்கே உளவு நடக்கும் என்று தெரிந்துதான் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே போகிறார்கள். பெரும்பாலும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இங்கே என் தோளில் கை இருந்தது.

எனக்கு இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்தியதே அவன்தான். ஆமாம், இவ்வளவு நேரம் ‘அவர்’ என்று எழுதினேன், இனி வரவில்லை. முதல் முறை எனக்கு எதுவும் புரியாமல் விழித்தபோது, தன் முறையை நிறுத்திவிட்டு எட்டு வியூகக் கார்டுகளையும் ஒவ்வொன்றாக விளக்கினான். அன்றைக்கு என் எல்லையில் படையோடு நின்றவன், “நீ கத்துக்கோ, அப்புறம் சண்டை போடலாம்” என்று சொல்லித் திரும்பிப் போனான். அதனால்தான் அவன் “கேமை விடு” என்றபோது நான் நிஜமாகவே கேமை விட்டேன். கணக்குப் போடுவதை நிறுத்தினேன். ஒரு நண்பன் பேசுகிறான் என்று காது கொடுத்தேன்.

சத்தியம் செய்யும்போது “கேமை விடு”, உடைத்த பிறகு “வெறும் கேம்தானே.” இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

“சென்சிட்டிவ் ஆகாதே” என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஏழு மணி நேரம் ஒரே மேசையைச் சுற்றி எதற்காக உட்காருகிறோம்? பிளாஸ்டிக் கப்பலை நகர்த்தவா? யார் என்ன சொல்கிறார்கள், யாரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதானே மொத்த ஆட்டமும்? அதில் ஒருவனுக்கு வலித்தது என்றால் உடனே அவனைக் குழந்தை என்கிறீர்கள். அந்தப் போட்டோவில் என் முகத்தைப் பாருங்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஒருவராவது “என்னடா ஆச்சு” என்று தனியாகக் கேட்டீர்களா? தோற்றதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு ஆறாவது ஆள் வேண்டுமென்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு என்னை எண்ணாதீர்கள்.

அன்று கடைசியில் பெட்டியை அடுக்கியதும் நான்தான். அவனுடைய சப்போர்ட் கார்டு அப்போதும் என் பக்கத்தில்தான் இருந்தது. நான் அவன் இடத்தில் கை வைக்கவே இல்லை, அதனால் விதிப்படி கடைசிவரை என்னிடமே தங்கிவிட்டது. எடுத்து அவன் நிறத்துப் பையில் போட்டு மூடினேன். அவன் அந்தப் பக்கம் எடுத்த போட்டோவை மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.