அதுவே பிடிமானம் சார்!

நேற்று ராத்திரி இரண்டரை மணிக்குக் குளியலறைச் சுவரிலிருந்து மூன்றாவது டைல்ஸும் விழுந்துவிட்டது. முதலாவது விழுந்தபோது திருடன் என்று நினைத்து உலக்கையைத் தேடினேன். இரண்டாவதற்கு லைட்டைப் போட்டுப் போய்ப் பார்த்தேன். மூன்றாவதற்கு அம்மா படுத்தபடியே, "குழாய்ப் பக்கமா, ஜன்னல் பக்கமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த அளவுக்குப் பழகிவிட்டது.

"உடைக்கவே வேணாம் சார். பழைய டைல்ஸ் மேலயே ஒட்டிடலாம்" என்றார் மேஸ்திரி.

இந்த ஒரு வாக்கியத்தில் விழாத வீடு கும்பகோணத்தில் உண்டா? எங்களுடையது பழைய சுண்ணாம்புச் சுவர். உளியை வைத்தால் டைல்ஸ் வரும், கூடவே பூச்சு வரும், அப்புறம் செங்கல் வரும், கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரே வந்துவிடுவார். அந்தப் பயத்தில் இருந்தவன் காதில் இது தேனாகப் பாய்ந்தது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது பொய்யில்லை. டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டலாம், தாராளமாக நிற்கும். பழையதை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, டொம்மென்று கேட்பதையெல்லாம் பெயர்த்துவிட வேண்டும். மீதி இருப்பதன் பளபளப்பை மெஷின் வைத்துக் கீறிவிட வேண்டும். பதினைந்து வருஷச் சோப்பழுக்கைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்கென்றே விற்கிற பாலிமர் பசையைப் பல் வைத்த கரண்டியால் இடைவெளி இல்லாமல் இழுத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஏனென்றால் கீழே இருப்பது கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. மேலே வருவது விட்ரிஃபைடு டைல்ஸ். அது அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காது. இரண்டு வழுக்கைக்கும் நடுவில் வெறும் சிமெண்ட் எதைப் பிடித்துக்கொண்டு தொங்கும்?

நான் அந்தப் பசையை இருபது கிலோ பையாக நாலு வாங்கி வைத்திருந்தேன். தண்ணீர் மட்டும் ஊற்றவும், கலந்து ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி கலக்கவும் என்று பையிலேயே அச்சடித்திருக்கிறது. மேஸ்திரி பையைப் பிரித்தார். சட்டியில் பாதியைக் கொட்டினார். சித்தாள் பையன் பக்கம் கையை நீட்டினார். அவன் எதுவுமே கேட்காமல் இரண்டு சட்டி சிமெண்ட்டை அள்ளிப் போட்டான். எத்தனை வீட்டில் நடந்த ஒத்திகையோ!

"மேஸ்திரி, பையில தண்ணி மட்டும்னு போட்டிருக்கே?"

"வெறும் கம்மு நிக்காது சார். சிமெண்ட் சேர்ந்தாத்தான் பலம்."

"பழைய டைல்ஸைக் கீறிவிட வேணாமா?"

அவர் சுவரைத் தடவினார். பழைய டைல்ஸில் ஒரு திராட்சைக் கொத்து புடைத்து நிற்கும், அந்தக் காலத்து மாடல். அதைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்து, "திராட்ச எப்படித் தூக்கலா இருக்கு பாருங்க. அதுவே பிடிமானம் சார். நீங்க போய் டீ சொல்லுங்க" என்றார்.

நான் போய் டீ சொன்னேன். தப்பு என் பேரில்தான்.

திரும்பி வந்தால் டைல்ஸின் முதுகில் நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று அஞ்சு உருண்டை. அப்படியே தூக்கிச் சுவரில் வரட்டி தட்டுகிற மாதிரி ஒரு அப்பு, ரப்பர் சுத்தியலால் ரெண்டு போடு, முடிந்தது. ஒரு டைல்ஸ் மூன்றரைக் கிலோ இருக்கும். காய்ந்த பிறகு காசால் தட்டினேன், தவில் மாதிரி கேட்டது. "செட் ஆவணும் சார்" என்றார். இதற்கிடையில் சுவர் ஒன்றரை விரல்கடை தடித்துப் போய், குழாய் உள்ளே பதுங்கிக்கொண்டது. பிளம்பரைக் கூப்பிட்டால் "மேஸ்திரி முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்கிறார், மேஸ்திரியோ "பிளம்பர் பார்த்திருக்கணும்" என்கிறார். நடுவில் நான் இரண்டு விரலால் குழாயைத் திருகிக் குளித்துக்கொண்டிருக்கிறேன்.

விழுந்த டைல்ஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அஞ்சு உருண்டையும் பத்திரமாக முதுகிலேயே இருக்கின்றன. நடு உருண்டையின் மேல், வழுவழுவென்று, காம்பு கூடச் சிதையாமல், திராட்சைக் கொத்து குழிவாகப் பதிந்திருக்கிறது. கொழுக்கட்டை அச்சு தோற்றுவிடும். சுவரில் பழைய திராட்சை ஒரு கீறல் கூட இல்லாமல் பளபளக்கிறது. பிடிமானமாம் பிடிமானம்!

போன் போட்டால் "நாளைக்கு வரேன் சார்". ஜூன் 12 மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்கே வந்து சேர்ந்துவிட்டது. தாராசுரத்தில் இருக்கிற மனுஷன் வரவில்லை. இன்று காலையில்தான், நெற்றி நிறைய சந்தனத்தோடு வந்தார். டாக்டர் மாதிரி சுவரைத் தட்டிக் கேட்டார். "தெருவுல லாரி போவுதுல்ல, அந்த அதிர்ச்சி சார்" என்றார். எங்கள் சந்தில் சைக்கிளையே உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். "தங்கச்சி மவளுக்கு வலங்கைமான்ல கல்யாணம் சார், அதான் வரல" என்று ஒரு தாம்பூலப் பையைக் கையில் திணித்தார். அவ்வளவுதான், சிரித்துவிட்டேன். "பொண்ணு மாப்பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அம்மா பையைப் பிரித்தார். தேங்காய் எலுமிச்சைக்கு அண்ணன் மாதிரி இருந்தது. தட்டிப் பார்த்தார், டொம். ஆட்டிப் பார்த்தார், தண்ணீரே இல்லை. நான் தெரியாமல்தான் கேட்கிறேன், மண்டபத்துக்கும் டிரோனுக்கும் லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்களுக்கு உருப்படியாக ஒரு தேங்காய் வாங்கிப் போட மனசு வராதா? கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடே கொடுத்தாகிவிட்டது. அந்த ஊருக்குப் பக்கத்திலேயே நடந்த கல்யாணத்தின் பையில் வாடின வெற்றிலை ரெண்டு! உடைத்தால் சட்னிக்கு ஒரு மூடி தேறாது, இதற்கு 'நன்றி, வணக்கம்' என்று பையில் அச்சு வேறு!