பூட்டுத்திரையில் தெரிந்த ஒரு வரி

மனநல ஆலோசகராகப் பணியாற்றத் தொடங்கிய காலத்தில், என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அடுத்த அமர்வை நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பினேன். "சென்ற முறை உங்கள் திருமண வாழ்க்கை பற்றிப் பேசியதை வியாழன் 4 மணிக்குத் தொடரலாம்" என்று அக்கறையோடுதான் எழுதினேன். அவருடைய கைபேசி மேசை மேல் கிடந்திருக்கிறது. திரை ஒளிர்ந்ததும், எதிரே உட்கார்ந்திருந்த கணவர் அந்த வரியைப் படித்துவிட்டார். பூட்டைத் திறக்க வேண்டிய தேவைகூட அவருக்கு ஏற்படவில்லை. அதன் பிறகு இரண்டு மாதங்கள் அந்தப் பெண் வரவில்லை. அவருடைய அனுமதியோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன்.

சிகிச்சையாளர்களுக்கான பாதுகாப்பான தகவல் தொடர்பு என்று பேச்செடுத்தால், மருத்துவமனையின் இணையப் போர்ட்டலைப் பயன்படுத்துங்கள் என்பதோடு பெரும்பாலும் அறிவுரை முடிந்துவிடுகிறது. போர்ட்டலுக்குப் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரவு 2 மணிக்குத் தூக்கமின்றிப் பதறிக்கொண்டிருக்கும் ஒருவர், மறந்துபோன கடவுச்சொல்லை மீட்டெடுத்து உள்ளே நுழைந்து எழுதுவார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. அவருக்குக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் பெற்றோராகவோ துணைவராகவோ இருந்தால் கடவுச்சொல் அவர்கள் கையிலும் இருக்கும். போர்ட்டலில் புதிய செய்தி வந்திருப்பதாக மின்னஞ்சல் வரும்போது, அனுப்புநர் பெயரிலேயே மனநலப் பிரிவு என்று இருந்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

சேமித்து வைக்கும் இடமும் கோட்டை அல்ல. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளவியல் சிகிச்சை நிறுவனத்தின் தரவுத்தளத்திலிருந்து திருடப்பட்ட பதிவுகளை வைத்து, 2020 அக்டோபரில் நோயாளிகளையே நேரடியாக மிரட்டினார்கள். சுமார் 33,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். 200 யூரோ மதிப்புக்கு பிட்காயின் தராவிட்டால் சிகிச்சை அறையில் நீங்கள் சொன்னதை வெளியிடுவோம் என்று தனித்தனியே மின்னஞ்சல் போனது. அந்தச் செய்தியைப் படித்த அன்று என் கோப்புகளை எடுத்துப் பார்த்து, யாருக்கும் பயன்படாத எத்தனை வரிகளை எழுதிச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று கவலைப்பட்டேன். எழுதாத வரியை யாராலும் திருட முடியாது. செய்திகளுக்கும் இது பொருந்தும்: நேரம், இடம், வருகிறேன், வர இயலவில்லை என்பவற்றுக்கு மேல் எதுவும் கைபேசியில் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மனத்தில் இருப்பதைப் பேசுவதற்கு அமர்வு இருக்கிறது.

எந்தச் செயலியைப் பயன்படுத்தலாம் என்று இளம் ஆலோசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டி அனுப்பும் முறைக்கு முனைக்கு முனை மறையாக்கம் என்று பெயர். சாதாரண எஸ்எம்எஸ்ஸில் அது கிடையாது; தொலைபேசி நிறுவனத்தின் அமைப்புகளில் செய்தி படிக்கக்கூடிய வடிவிலேயே கடந்து செல்கிறது. வழக்கமான மின்னஞ்சலும் வழியில் பாதுகாக்கப்பட்டாலும், சேவை நிறுவனத்தின் கணினியில் அந்நிறுவனத்தால் படிக்க முடிந்த நிலையில்தான் தங்குகிறது. டெலிகிராமின் வழக்கமான உரையாடல்களுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அதன் ரகசிய உரையாடல்களுக்கு மட்டுமே உண்டு. வாட்ஸ்அப் 2016 முதல் எல்லாச் செய்திகளுக்கும் அதைத் தருகிறது. ஆனால் மேகக் கணினியில் சேமிக்கும் காப்புப் பிரதியை மறையாக்கம் செய்யும் வசதி 2021இல்தான் வந்தது. சிக்னல் என்ற செயலியில் செய்திகள் தாமாக மறையும்படி கெடு வைக்கலாம். 2024 முதல் பயனர்பெயரை வைத்துக்கொண்டு தொலைபேசி எண்ணைக் காட்டாமலும் பேசலாம். எழுத்துவழித் தொடர்புக்கு நான் பயன்படுத்துவது சிக்னல்தான். ஆனால் செய்தி வழியில் எவ்வளவு பத்திரமாக வந்தாலும், பூட்டுத்திரையில் முன்னோட்டம் தெரிந்தால் பக்கத்தில் இருப்பவர் படித்துவிடுவார். வாட்ஸ்அப்பை யாரேனும் வீட்டுக் கணினியில் இணைத்து வைத்திருந்தால், அங்கும் ஒவ்வொரு செய்தியும் போய் விழும்.

ஆகவே செயலியைப் பற்றிய கேள்விக்கு முன்னதாக, முதல் அமர்விலேயே பத்து நிமிடம் ஒதுக்கி வேறு சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும் என்கிறேன். உங்கள் கைபேசியை வேறு யார் எடுப்பார்கள்? நீங்கள் இங்கு வருவது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக் கூடாது? எந்த நேரத்தில் அழைத்தால் தனியாக இருப்பீர்கள்? என் எண்ணை எந்தப் பெயரில் சேமிக்க விரும்புகிறீர்கள்? பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்துவிட்டால் எந்தச் சொல்லைச் சொல்வீர்கள்? விடையைக் கேட்ட பிறகு அவருடைய கைபேசியை அவரே எடுத்து, முன்னோட்டத்தை அணைத்து, இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலைப் பார்க்கும் வரை நான் உடன் இருப்பேன். அந்தப் பட்டியலில் தமக்குத் தெரியாத ஒரு கணினியைக் கண்டு அமைதியாகிவிட்டவரைப் பார்த்திருக்கிறேன். அன்று மீதி நேரம் முழுவதும் அதைப் பற்றியே பேசினோம்.

நோயாளியே வாட்ஸ்அப்பில் எழுதுகிறார், அதுவே சம்மதம்தானே என்று சிலர் வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆபத்து என்னவென்று அறியாதவர் எழுதுவது பழக்கத்தால். நோயாளிகளின் மருத்துவத் தகவல்களைப் பாதுகாக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்தின் விதிகளின்படி, தம்மை வேறு வழியிலோ வேறு முகவரியிலோ தொடர்புகொள்ளுமாறு நோயாளி நியாயமான கோரிக்கை வைத்தால் சிகிச்சையளிப்பவர் அதற்கு இணங்க வேண்டும்; மறையாக்கம் இல்லாத மின்னஞ்சலையே நோயாளி விரும்பினாலும், அதன் ஆபத்தை முதலில் எடுத்துச் சொன்ன பிறகு அனுப்பலாம். முடிவு நோயாளியுடையது, விளக்கும் கடமை நம்முடையது என்ற இந்த வரிசை எந்த நாட்டு ஆலோசகருக்கும் பொருந்தும்.

நம் பக்கத்திலும் ஓட்டைகள் இருக்கின்றன. தொழிலுக்குத் தனி எண் வேண்டும். தொடர்புப் பட்டியலில் முழுப் பெயரையும் பிரச்சினையையும் சேர்த்து எழுதி வைக்கும் பழக்கம் உடனே ஒழிய வேண்டும். பழுதுபார்க்கக் கைபேசியைக் கொடுக்குமுன் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரவில் வரும் செய்தியைக் காலையில்தான் பார்ப்பேன் என்பதையும், உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எனக்குச் செய்தி அனுப்பிக் காத்திருக்காமல் எந்த அவசர எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இதைச் சொல்லாமல் விடுவதைப் போன்ற பாதுகாப்புக் குறைவு வேறில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் திரும்பி வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படித் தொடர்புகொள்ளலாம் என்பதை அன்று அவரே வகுத்தார். புதன்கிழமை காலை 11 மணிக்கு நான் அழைப்பேன். பக்கத்தில் யாராவது இருந்தால் "அப்புறம் பேசறேங்க்கா" என்று சொல்வார், நான் மறுபேச்சில்லாமல் வைத்துவிடுவேன். எழுத்தில் எதுவும் வேண்டாம் என்றார். அதன் பிறகு அவருக்கு நான் ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பியதில்லை.